ஒரே உடம்பில் இரண்டு ஆயுள்: 27 அங்குல ஐமெக் போன பிறகு எதை வாங்குவது?

சென்ற வாரம் ஒரு பழைய மாணவன் போன் எடுத்தான். படிக்கிற காலத்தில் என் வரலாற்றுப் பாடவேளையில் கடைசி வாங்கில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தவன். இப்போது அந்தக் கைதான் அவனுக்குச் சோறு போடுகிறது. கல்யாண அல்பம், அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் வடிவமைத்துக் கொடுக்கிறான். அவனிடம் 2015ஆம் ஆண்டின் 27 அங்குல ஐமெக் ஒன்று இருக்கிறது. பாவித்ததை வாங்கியது.

"சேர், மெஷின் சரியா இழுக்குது. புது சொப்ட்வெயார் ஒண்டும் ஏறுதில்ல. ஆனா ஸ்கிரீன் மட்டும் இன்னும் புதுசு மாதிரி. இதே சைஸில புதுசா ஒண்டு எடுப்பமெண்டு பாத்தா, அத செய்யிறதயே நிப்பாட்டிட்டாங்களாம். இப்ப என்னத்த சேர் வாங்குற?"

வரலாறு படிப்பிக்கிற என்னிடம் ஏன் இதைக் கேட்கிறாய் என்றேன்.

"கடையில கேட்டா கடையில இருக்கிறதத்தான் சேர் சொல்லுவாங்க."

நியாயமான பதில். அவன் கடன் பட்டுத்தான் வாங்கப் போகிறான். பிழையான பெட்டியை வாங்கினால் இரண்டு வருடம் அதற்கே உழைக்க வேண்டும். அதனால் இரண்டு நாள் எடுத்து யோசித்தேன். யோசிக்க யோசிக்க, இது கணினிக் கேள்வியைவிட வரலாற்றுக் கேள்வி என்றே பட்டது. ஒரு பொருளுக்குப் பதிலாக எதை வாங்குவது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பொருள் ஏன் அப்படிச் செய்யப்பட்டது, அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன். நீளமான பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

*முதல் காரணம்: பயம்*

1970களின் நடுப்பகுதியில் வீட்டுக்கு ஒரு கணினி வாங்குவதென்றால் அது பெரும்பாலும் பொழுதுபோக்காளர்களின் வேலை. பலகையை வாங்கி ஈயம் வைத்து ஒட்ட வேண்டும். திரைக்கு ஒரு தொலைக்காட்சி, தகவலைச் சேமிக்க ஒரு கசெட் ரெக்கோடர், இவற்றுக்கிடையே வயர்கள். தெரியாதவர் கிட்டப் போகவே பயப்படுவார்.

1977இல் அமெரிக்காவில் கொமடோர் நிறுவனம் 'பெட்' என்ற கணினியை அறிமுகப்படுத்தியது. 9 அங்குலத் திரை, விசைப்பலகை, கசெட் இயந்திரம் மூன்றும் ஒரே உடம்பில். மின்சாரத்தில் சொருகினால் போதும், வேலை செய்யும்.

அந்த எண்ணத்தை உலகம் முழுக்கப் பேச வைத்தது 1984 ஜனவரி 24ஆம் திகதி வெளியான மெக்கின்டொஷ். 1979இல் அந்தத் திட்டத்தைத் தொடங்கியவர் ஜெப் ரஸ்கின் என்பவர். சாதாரண மனிதருக்கான எளிய கணினி என்பது அவருடைய கனவு. 1981இல் திட்டம் ஸ்டீவ் ஜொப்ஸின் கைக்குப் போனது. வெளியானபோது அதற்கு 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை, 128 கிலோபைட் நினைவகம், 2,495 டொலர் விலை. பெட்டியின் மேற்பக்கம் தூக்கிச் செல்ல ஒரு பிடி.

ஆனால் அந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. பெட்டியைத் திறக்க, சாதாரண வீட்டில் இல்லாத நீளமான ஒரு திருப்புளி வேண்டும். உள்ளே மேலதிகமாக எதையும் சொருக இடம் வைக்கவில்லை. அதே ஆண்டு செப்டெம்பரில் 512 கிலோபைட் மெக் வந்தது. ஜனவரியில் வாங்கியவர் தன்னுடையதைக் கூட்ட விரும்பினால், அப்பிள் காட்டிய வழி உள்ளேயிருந்த பலகையையே மாற்றுவது. திறக்கத் தேவையில்லாத பெட்டி, திறக்க முடியாத பெட்டியாகவும் இருந்தது. இந்த இரண்டு குணமும் அன்றிலிருந்து ஒன்றாகவே வருகின்றன.

14 வருடம் கழித்து, அப்பிள் முழுகிவிடும் என்று பலர் நினைத்திருந்த நேரத்தில், 1998 மே 6ஆம் திகதி ஜொப்ஸ் முதலாவது ஐமெக்கைக் காட்டினார். ஓகஸ்ட் 15ஆம் திகதி விற்பனைக்கு வந்தது. விலை 1,299 டொலர். உள்ளே தெரிகிற நீலப்பச்சை உடம்பு, 15 அங்குலக் குழாய்த் திரை. மென்தட்டு போடும் வாசலைத் தூக்கிவிட்டு யூ.எஸ்.பி. துளைகளை வைத்தார்கள். ஜொனி ஐவ் தலைமையில் வடிவமைத்தவர்கள் இதற்கும் ஒரு பிடி வைத்தார்கள். சுமார் 17 கிலோ நிறையுள்ள பெட்டியை யாரும் தினமும் தூக்கித் திரியப் போவதில்லை. கையை வைத்துத் தொடலாம், பயப்படாதே என்று சொல்லத்தான் அந்தப் பிடி. முதல் ஆறு வாரத்தில் 278,000 ஐமெக்குகள் விற்றன. வாங்கியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதற்கு முன் கணினியே வாங்காதவர்கள்.

ஆக, ஒரே பெட்டியின் முதல் காரணம் பயத்தைப் போக்குவது. அந்தக் காலத்தில் அது சரியான காரணம்.

*இரண்டாவது காரணம்: மேசையில் இடம்*

குழாய்த் திரை இருந்த காலத்தில் கணினியை அதனுடன் சேர்ப்பதில் பெரிய நட்டம் இருக்கவில்லை. குழாய்க்காக எப்படியும் பெரிய கூடு வேண்டும். கணினி அதன் அடியில் ஒதுங்கிக்கொண்டது. குழாயும் சில வருடங்களில் மங்கும், கணினியும் அதற்குள் பழசாகிவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கிழண்டின.

தட்டைத் திரை வந்ததும் கணக்கு மாறியது. 2002 ஜனவரியில் வந்த ஐமெக்கில் கணினி ஓர் அரைக்கோளமாகக் கீழே இருந்தது. திரை ஒரு கையில் மேலே மிதந்தது. உயர்த்தலாம், தாழ்த்தலாம், திருப்பலாம். 2004 ஓகஸ்டில் வந்த அடுத்த ஐமெக்கில் கணினி முழுவதும் திரைக்குப் பின்னால் போய்விட்டது. இன்று நாம் 'ஓல் இன் வன்' என்றதும் மனதில் வரும் உருவம் அதுதான். மேசை காலியாக இருந்தது, பார்க்க அழகாக இருந்தது.

2009 ஒக்டோபரில் முதலாவது 27 அங்குல ஐமெக் வந்தது. எல்.ஈ.டி. வெளிச்சம் உள்ள, 2560க்கு 1440 புள்ளிகள் கொண்ட அருமையான திரை. என் கதை தொடங்கும் இடம் இதுதான். இப்படிப்பட்ட திரை நன்றாகப் பாவித்தால் பத்துப் பன்னிரண்டு வருடம் தாராளமாக உழைக்கும். அதன் முதுகில் இருக்கும் கணினிக்கோ ஏழெட்டு வருடத்தில் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். ஒரே உடம்பில் இரண்டு ஆயுள். குறைந்த ஆயுள் உள்ளது போனால் கூடிய ஆயுள் உள்ளதும் சேர்ந்து போகும்.

அப்பிளுக்கு இது தெரியாமல் இல்லை. அதே 2009 மாதிரியில் ஒரு வழி வைத்தார்கள். வேறொரு கணினியிலிருந்து ஒரு வயரைச் சொருகினால் ஐமெக் வெறும் மொனிட்டராக மாறிக்கொள்ளும். 2014 நடுப்பகுதி வரை வந்த 27 அங்குல ஐமெக்குகளில் இந்த வசதி தொடர்ந்தது. 2011இலிருந்து அதற்குத் தண்டர்போல்ட் வயர் தேவைப்பட்டது. கணினி கிழண்டாலும் திரையைக் காப்பாற்ற ஒரு வாசல் திறந்தே இருந்தது.

*மூன்றாவது காரணம்: வயர் போதவில்லை*

அந்த வாசலை மூடியது 2014 ஒக்டோபர் 16ஆம் திகதி வெளியான 5கே ஐமெக். 5120க்கு 2880 புள்ளிகள். மொத்தம் ஒரு கோடியே 47 இலட்சம் புள்ளிகள். முந்திய திரையைப் போல நான்கு மடங்கு. விலை 2,499 டொலர்.

அந்த விலையின் அருமை தெரிய வேண்டுமானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்தான் டெல் நிறுவனம் தன் 27 அங்குல 5கே மொனிட்டரை அறிவித்திருந்தது. அதன் விலையும் ஏறக்குறைய அதே 2,500 டொலர். டெல்லிடம் அந்தக் காசுக்குத் திரை மட்டும். அப்பிளிடம் அதே காசுக்குத் திரையும் கணினியும்.

டெல்லின் மொனிட்டருக்கு ஒன்றல்ல, இரண்டு வயர் தேவைப்பட்டது. அன்று புழக்கத்தில் இருந்த டிஸ்ப்ளேபோர்ட் வயர் ஒன்றினால் ஒரு விநாடிக்கு 60 தடவை அவ்வளவு புள்ளிகளைக் கொண்டுபோக முடியவில்லை. அப்பிள் அந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தது? வெளியே வயரே இல்லாமல் செய்து. திரையும் கணினியும் ஒரே கூட்டுக்குள் இருந்ததால், தமக்கென்று ஒரு கட்டுப்பாட்டுச் சில்லைச் செய்து உள்ளேயே இணைத்துவிட்டார்கள்.

அதாவது 2014இல் ஒரே பெட்டி என்பது வெறும் அழகுக்காக அல்ல. அந்தத் தரமான திரையை அந்த விலைக்குக் கொடுக்க அதுவே சிறந்த வழி. என் மாணவனைப் போன்ற வடிவமைப்பாளர்கள், படம் வெட்டுபவர்கள், அச்சுக்காரர்கள் எல்லோரும் அதைத் தேடிப் போனதற்குக் காரணம் இது. அதே காரணத்தால்தான் வெளியிலிருந்து வயர் சொருகி மொனிட்டராக்கும் வசதியும் அந்த மாதிரியோடு நின்றது. அவனுடைய 2015 ஐமெக்கில் அவ்வளவு நல்ல திரை இருந்தும் அதை வேறு கணினிக்கு நேரடியாகக் கொடுக்க முடியாததன் கதை இதுதான்.

*காரணங்கள் ஒவ்வொன்றாகப் போயின*

2015இல் தண்டர்போல்ட் 3 வந்தது. 2016இல் எல்.ஜி. நிறுவனம் அப்பிளுடன் சேர்ந்து அறிவித்த 5கே மொனிட்டர் ஒரே வயரில் வேலை செய்தது. வயர் போதாது என்ற காரணம் அங்கே தீர்ந்தது.

2020 நவம்பரில் அப்பிள் தன் சொந்தச் சில்லான எம்1ஐக் கொண்டுவந்தது. சூடு குறைவு, மின்சாரமும் குறைவு. கணினி ஒரு சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு வந்தாலும் வேகம் குறையவில்லை. மேசையில் இடம் போதாது என்ற காரணமும் தீர்ந்தது. பயம் என்ற காரணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்று ஐந்து வயதுப் பிள்ளை போனைத் தானே திறக்கிறது.

2021 ஏப்ரலில் எம்1 சில்லுடன் 24 அங்குல ஐமெக் வந்தது. 27 அங்குலத்துக்கும் இப்படியொன்று வரும் என்று பலர் காத்திருந்தார்கள். வரவில்லை. 2022 மார்ச் 8ஆம் திகதி அப்பிள் இரண்டு தனிப் பொருட்களை அறிவித்தது. ஒன்று மெக் ஸ்டூடியோ என்ற கணினி, 1,999 டொலர். மற்றது ஸ்டூடியோ டிஸ்ப்ளே என்ற 27 அங்குல 5கே மொனிட்டர், 1,599 டொலர். அன்றே 27 அங்குல ஐமெக் விற்பனைப் பட்டியலிலிருந்து போனது. ஒரே உடம்பை இரண்டாக வெட்டி இரண்டு விலை போட்டார்கள். 2023 நவம்பரில், 27 அங்குல ஐமெக் செய்யும் எண்ணம் இல்லை என்று அப்பிளே சொல்லிவிட்டது.

இது அப்பிளின் கதை மட்டுமல்ல. மைக்ரோசொப்ட் 2016இல் 28 அங்குலத் திரையுடன் சர்பஸ் ஸ்டூடியோ என்ற அழகான ஒரே பெட்டிக் கணினியைக் கொண்டுவந்தது. அதன் கடைசி மாதிரியின் உற்பத்தியும் 2024இல் நின்றது.

*நமக்கு அது எந்த நாள்?*

அந்த மார்ச் 8ஐ இன்னொரு முறை பாருங்கள். அதற்கு முதல் நாள், 2022 மார்ச் 7ஆம் திகதிதான், நம் மத்திய வங்கி அதுவரை 200 ரூபாவைச் சுற்றிக் கட்டிப்பிடித்து வைத்திருந்த டொலரின் கயிற்றைத் தளர்த்தியது. மே மாத நடுப்பகுதியில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போனது.

கணக்குப் பாருங்கள். கடைசி 27 அங்குல ஐமெக்கின் ஆரம்ப விலை 1,799 டொலர். டொலர் 200 ரூபா என்றால் சுமார் 3 இலட்சத்து 60 ஆயிரம். அதற்குப் பதிலாக அறிவிக்கப்பட்ட சோடியின் விலை 3,598 டொலர், விசைப்பலகையும் மவுசும் தனி. டொலர் 360 ரூபா என்றால் ஏறத்தாழ 13 இலட்சம். வரியும் கடைக்காரர் இலாபமும் இதில் சேரவில்லை. டொலர் விலை இரண்டு மடங்கானது, ரூபா விலை மூன்றரை மடங்கைத் தாண்டியது. கடன் எடுத்துத் தொழில் செய்கிற ஒரு பொடியன் அந்த ஆண்டு ஏன் எதையும் மாற்றாமல் பழைய பெட்டியையே உருட்டினான் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

நல்லவேளை, கதை அங்கே நிற்கவில்லை. 2024 இறுதியில் எம்4 சில்லுடன் வந்த மெக் மினி, 16 கிகாபைட் நினைவகத்துடன் 599 டொலர். ஒரு சாண் அகலம்கூட இல்லை.

*இப்போது தெரிவுகள்*

அவனுக்கு நான் சொன்னவை இவைதான்.

1. *24 அங்குல ஐமெக்.* எம்4 மாதிரியின் ஆரம்ப விலை 1,299 டொலர். திரையின் கூர்மை பழைய 27 அங்குலத்தைப் போலவே, ஓர் அங்குலத்துக்குச் சுமார் 218 புள்ளிகள். கெமரா, ஒலிபெருக்கி, விசைப்பலகை எல்லாம் சேர்ந்தே வரும். வரவேற்பு மேசைக்கு, வீட்டுக்கு, சூம் வகுப்புக்கு அருமை. ஆனால் அல்பத்தின் இரண்டு பக்கத்தையும் விரித்துவைத்து வேலை செய்பவனுக்குத் திரை சிறிது. ஒரே உடம்பில் இரண்டு ஆயுள் என்ற பிரச்சினையும் அப்படியே இருக்கிறது.

2. *பாவித்த 2020 ஐமெக்.* 27 அங்குல வரிசையில் கடைசி. பின்புறம் ஒரு சிறு கதவு உண்டு, நினைவகத்தை நாமே கூட்டலாம். விலை இறங்கியிருப்பதால் ஆசை வரும். ஆனால் அது இன்டெல் சில்லு. இன்டெல் மெக்குகளுக்கு மெக்ஓஎஸ் 26தான் கடைசிப் பதிப்பு என்று 2025 ஜூனில் அப்பிள் அறிவித்துவிட்டது. பிறகு சில காலம் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். இன்று இவன் படுகிற அவதியை இன்னும் சில வருடத்தில் இன்னொருமுறை காசு கொடுத்து வாங்குவதாக முடியும்.

3. *மெக் ஸ்டூடியோவும் ஸ்டூடியோ டிஸ்ப்ளேயும்.* அப்பிள் காட்டிய வழி. நாள் முழுக்க நீண்ட வீடியோ வெட்டுபவருக்குப் பொருந்தும். அல்பத்துக்கும் அழைப்பிதழுக்கும் அந்தக் கணினி தேவைக்கு மிஞ்சியது.

4. *மெக் மினியும் தனி மொனிட்டரும்.* அவனுக்கு நான் சொன்னது இதைத்தான். கையில் காசு இருந்தால் 27 அங்குல 5கே மொனிட்டர். சாம்சங், அசுஸ் போன்றவர்களும் இப்போது அதைச் செய்கிறார்கள். இல்லாவிட்டால் நல்ல நிறம் காட்டும் 27 அங்குல 4கே மொனிட்டர். அதில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 163 புள்ளிகள். 5கே பார்த்துப் பழகிய கண்ணுக்கு எழுத்தின் ஓரம் முதல் வாரம் உறுத்தும், பிறகு பழகிவிடும். மொனிட்டரின் கால் உயர்த்தித் தாழ்த்தக்கூடியதாக இருக்கட்டும். ஐமெக்கில் இல்லாத வசதி அது, கழுத்துக்கு நல்லது.

மறக்கக் கூடாதவை: மினியில் கெமரா இல்லை, உள்ளிருக்கும் ஒலிபெருக்கி சும்மா பேருக்குத்தான். இரண்டையும் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது, வாங்கும்போதே தீர்மானிக்க வேண்டும். மின்வெட்டுக்கு ஒரு யூ.பி.எஸ். வாங்குபவர்கள் மினியையும் மொனிட்டரையும் இரண்டையும் அதில் சொருக வேண்டும்.

விண்டோஸ் பாவிப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான். ஒரே பெட்டி வாங்கும் முன் கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்குள் வெளியிலிருந்து படம் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. உள்வாசல் இருக்கிறதா? இருந்தால் கணினி செத்தாலும் திரை பிழைக்கும். வெளிவாசலைக் காட்டி ஆம் என்பார்கள், கவனம்.

கடைசியாக அவன் கேட்டான்: "அப்ப இந்தப் பழைய ஐமெக்க என்ன சேர் செய்யிற? ஸ்கிரீன் பாவமே."

வழி இருக்கிறது. உள்ளேயிருக்கும் கணினியைக் கழற்றிவிட்டு, அந்தத் திரைக்குப் பொருந்தும் கட்டுப்பாட்டுப் பலகையைப் பூட்டி மொனிட்டராக்குகிறார்கள். ஆனால் 2012க்குப் பிந்திய ஐமெக்குகளில் திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. கழற்றும்போது உடையலாம். உள்ளேயிருக்கும் மின்வழங்கியில் கை வைப்பதும் விளையாட்டல்ல. தொழில் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

அவன் மினியும் 4கே மொனிட்டரும் என்று முடிவெடுத்துவிட்டான். பழைய ஐமெக்கை இப்போதைக்குக் கழற்றப் போவதில்லை. வாடிக்கையாளர் வந்தால் அல்பத்தைக் காட்டுவதற்கு அந்தத் திரை முன்மேசையில் இருக்கட்டும் என்கிறான். கணினி வேகம் அதற்குப் போதும். பத்து வருடம் கழித்து மினி மூச்சு வாங்கும்போது மினியை மட்டும் மாற்றினால் போதும். கடனும் பாதிதான் வரும்.

நம் ஊர்ப் பக்கம் 5கே ஐமெக்கை மொனிட்டராக மாற்றித் தந்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். செலவு எவ்வளவு, திரை தப்பியதா என்பதையும் சேர்த்து. அவனுக்கும் இந்தப் பதிவைக் காட்டுவேன்.